பேசாத தலைவர்களும் ‘பார்க்கலாம்’ என்ற சொல்லும்



தேர்தல் காலத்தில் முல்லைத்தீவு வீதியில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். வேட்பாளர் வருவதற்கு முன்னால் ஓட்டோவில் கட்டிய ஒலிபெருக்கி வந்துவிடும். முள்ளியவளையில் தொடங்கிய பேச்சு புதுக்குடியிருப்புச் சந்தியிலும் முடியாமல், முள்ளிவாய்க்கால் கடற்கரை வரைக்கும் போய்த்தான் ஓயும். வேலியோரம் நிற்கும் ஆடு மாடுகளுக்குக்கூட வாக்குறுதிகள் மனப்பாடமாகிவிடும்.

அப்படிப்பட்ட நமக்கு, வாயைத் திறப்பதற்கே யோசித்த அரசியல் தலைவர்களும் உலகத்தில் இருந்தார்கள் என்றால் நம்புவது கஷ்டம்தான். ஆனால் இருந்திருக்கிறார்கள். அப்படிச் சிலரைப் பற்றி இந்த மாதம் கொஞ்சம் சிரித்துப் பேசுவோம். சிரித்து முடித்த பிறகு, அவர்களுடைய மௌனத்தால் யாருக்கு லாபம், யாருக்கு நட்டம் என்ற கணக்கையும் ஒருமுறை பார்த்துவிடுவோம்.

பந்தயம் கட்டிய பெண்மணி

அமெரிக்காவில் கால்வின் கூலிட்ஜ் என்று ஒரு ஜனாதிபதி. 1923 முதல் 1929 வரை பதவியில் இருந்தவர். ‘மௌன கால்’ என்பது மக்கள் அவருக்கு வைத்த செல்லப் பெயர்.

ஒரு விருந்தில் அவருக்குப் பக்கத்தில் ஒரு பெண்மணி உட்கார்ந்தாராம். “ஐயா, உங்களிடமிருந்து இரண்டு சொல்லுக்கு மேல் வாங்கிக் காட்டுகிறேன் என்று பந்தயம் கட்டிவிட்டு வந்திருக்கிறேன்” என்றாராம். கூலிட்ஜ் அவரைத் திரும்பிப் பார்த்து, “தோற்றுவிட்டீர்கள்” என்றாராம். ஆங்கிலத்தில் அதற்கு இரண்டு சொல் செலவானது. மனுஷனுக்குத் தமிழ் தெரிந்திருந்தால் ஒன்றிலேயே முடித்திருப்பார்!

இந்தக் கதை உலகமெல்லாம் சுற்றியது. அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று கூலிட்ஜே மறுத்தாராம். மறுப்பதற்காகவாவது வாயைத் திறந்தாரே!

அவருடைய மனைவி கிரேஸ், திருமணத்துக்கு முன் காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. “காது கேளாதவர்களைப் பேச வைத்துப் பழகியவர், இவரையும் பேச வைத்துவிடுவார்” என்று ஊரார் கேலி செய்ததாகச் சொல்வார்கள்.

ஜனாதிபதியாக இருந்த ஹார்டிங் 1923 ஆகஸ்டில் திடீரென்று இறந்துபோன செய்தி நள்ளிரவுக்குப் பிறகு வந்து சேர்ந்தது. கூலிட்ஜ் அப்போது கிராமத்தில் தகப்பனார் வீட்டில் இருந்தார். அதிகாலை 2.47 மணிக்கு மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் தகப்பனாரே மகனுக்குச் சத்தியப்பிரமாணம் செய்துவைத்தார். பிறகு புதிய ஜனாதிபதி என்ன செய்தார் தெரியுமா? திரும்பப் போய்ப் படுத்துத் தூங்கிவிட்டார். உரை இல்லை, மாலை இல்லை, பட்டாசும் இல்லை.

தமக்குப் பின் பதவிக்கு வந்த ஹூவருக்கு அவர் சொல்லிக்கொடுத்த தந்திரம் ஒன்று உண்டு. உங்களைத் தேடி வருகிறவர்களில் பத்தில் ஒன்பது பேர் கொடுக்கக்கூடாத ஒன்றைக் கேட்டுத்தான் வருவார்கள். நீங்கள் அசையாமல் இருங்கள், மூன்று நான்கு நிமிடத்தில் தாங்களாகவே சோர்ந்துவிடுவார்கள். இருமினாலோ சிரித்தாலோ போச்சு, மறுபடியும் முதலிலிருந்து தொடங்கிவிடுவார்கள் என்றாராம்.

இந்தத் தந்திரத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

ஒன்றை மட்டும் சொல்லாமல் விடக்கூடாது. 1924 ஜூலையில் அவருடைய 16 வயது மகன் டென்னிஸ் விளையாடும்போது காலில் வந்த ஒரு கொப்புளத்தினால் இரத்தத்தில் நஞ்சேறி இறந்துபோனான். நாடே கேலி செய்த மௌனத்துக்குள்ளே அதன் பிறகு ஒரு தகப்பனின் துயரமும் இருந்தது. வாய் பேசாதவர்களைப் பார்த்துச் சிரிக்கும்போது இதை நாம் மறந்துவிடுகிறோம்.

கடிதத்தில் ஒரு வேண்டுகோள்

1948இல் இலங்கைக்குச் சுதந்திரம் கொடுத்த காலத்தில் பிரித்தானியாவின் பிரதமராக இருந்தவர் கிளமென்ட் அட்லி. இவரும் சொற்சிக்கனத்தில் பேர் போனவர். இவருடைய தொழிற்கட்சிக்குத் தலைவராக இருந்த பேராசிரியர் ஹரோல்ட் லாஸ்கியோ நேர்மாறு. நாளுக்கொரு அறிக்கை, வேளைக்கொரு பேட்டி. 1945 ஆகஸ்டில் அட்லி அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். அதன் சாரம் இதுதான்: தாங்கள் கொஞ்ச நாள் பேசாமல் இருந்தால் நல்லது.

தம்மை ஏன் பதவியிலிருந்து நீக்குகிறீர்கள் என்று கேட்ட அமைச்சர் ஒருவருக்கு, ‘நீர் அதற்குப் போதாது’ என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லவில்லை என்றும் ஒரு கதை உண்டு. காரணம் காட்டி நாலு பக்கம் எழுதியிருந்தால்கூட அந்த அமைச்சருக்கு அவ்வளவு வலித்திருக்காது!

‘பார்க்கலாம்’ காமராசர்

கடலைக் கடந்து தமிழ்நாட்டுக்குப் போவோம். 1954 ஏப்ரல் முதல் 1963 அக்டோபர் வரை முதலமைச்சராக இருந்தவர் விருதுநகர்க் காமராசர். அவருடைய வாயிலிருந்து அதிகம் வெளிவந்த சொல் எது என்று தமிழ்நாட்டில் எந்தப் பெரியவரைக் கேட்டாலும் சொல்வார்: ‘பார்க்கலாம்.’

மனு கொடுத்தால் பார்க்கலாம். கட்சிக்காரர் பதவி கேட்டால் பார்க்கலாம். பத்திரிகைக்காரர் குடைந்து குடைந்து கேட்டால் அதற்கும் பார்க்கலாம். டில்லியில் இருந்த வெள்ளைக்கார நிருபர்களுக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல்லும் இதுவாகத்தான் இருந்திருக்கும்.

1964 மே 27 அன்று நேரு காலமானார். அடுத்த பிரதமர் யார் என்று உலகமே பார்த்துக்கொண்டிருந்தது. அப்போது காங்கிரஸ் கட்சியின் தலைவர் காமராசர். அவருக்கு இந்தி தெரியாது, ஆங்கிலமும் சரளமாக வராது. ஆனால் சில நாட்களுக்குள் எம்.பி.க்கள், முதலமைச்சர்கள் என்று ஏராளமான பேரைச் சந்தித்தார். வந்தவர்கள் பேசினார்கள், இவர் கேட்டார். கேட்டு முடித்ததும் லால் பகதூர் சாஸ்திரிதான் பெரும்பாலோரின் விருப்பம் என்று தெரிந்துகொண்டார். சண்டை சச்சரவில்லாமல் ஜூன் 2 அன்று காரியம் முடிந்தது. பேசத் தெரிந்த எத்தனையோ பேர் இருந்த டில்லியில், கேட்கத் தெரிந்த ஒருவரால்தான் அது முடிந்தது.

“நீங்களே பிரதமராகலாமே” என்று சொன்னவர்களிடம், இந்தியும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது, எப்படி முடியும் என்று திருப்பிக் கேட்டதாகச் சொல்வார்கள். ஆங்கிலம் தெரியாததைப் பெருமையாகவும் சொல்லவில்லை, வெட்கத்தோடும் சொல்லவில்லை. வெண்டைக்காய் விலை சொல்வதுபோல் சொன்னாராம்.

சரி, இந்த ‘பார்க்கலாம்’ என்பது வெறும் சாட்டா? அவருடைய ஆட்சியில் மூடியிருந்த பள்ளிக்கூடங்கள் திறந்தன. 1956இல் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு தொடங்கியது. வைகை, மணிமுத்தாறு, சாத்தனூர் அணைகள் எழுந்தன. அவர் பார்க்கலாம் என்றால், போய்ப் பார்த்தார். தோதுப்பட்டதைச் செய்தார், தோதுப்படாததை விட்டார். அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஓர் ஆள் இருந்தார்.

நம்முடைய மௌனக்காரர்

நம் நாட்டுக்கு வருவோம். 1947 தேர்தலில் வவுனியாத் தொகுதி தேர்ந்தெடுத்து அனுப்பியவர் சி. சுந்தரலிங்கம். கணிதப் பேராசிரியராக இருந்தவர். ‘அடங்காத் தமிழன்’ என்று தமக்குத் தாமே பெயர் வைத்துக்கொண்டவர். பெயரைக் கேட்டாலே சத்தம் எவ்வளவு என்று தெரியும். அதே தேர்தலில் யாழ்ப்பாணத்தில் தமிழ்க் காங்கிரஸ் தலைவராக வென்ற ஜி.ஜி. பொன்னம்பலமோ குறுக்குவிசாரணைக்குப் பேர் போன கிரிமினல் வழக்கறிஞர். மேடையில் ஏறினால் இறங்க மனம் வராத பேச்சாளர்.

இந்த இரண்டு இடிகளுக்கும் நடுவில் காங்கேசன்துறையிலிருந்து ஒரு மெல்லிய குரல் பாராளுமன்றத்துக்குப் போனது. அதுதான் எஸ்.ஜே.வி. செல்வநாயகம். மலாயாவில் ஈப்போ நகரில் 1898 மார்ச் 31 அன்று பிறந்தவர். தொழில் சிவில் வழக்கு. சிவில் வழக்கில் சத்தம் போட்டு என்ன பயன்? உறுதியும் பத்திரமும்தானே பேச வேண்டும்! அந்தப் பழக்கம் அரசியலிலும் கூடவே வந்தது. அவர் பேசும்போது கூட்டத்தில் ஒருவர் இருமினால் ஒரு வசனம் போய்விடும். இரண்டு பேர் இருமினால் தீர்மானமே போய்விடும்.

1948இல் ஜி.ஜி. அமைச்சரவையில் சேர்ந்தார். மலையகத் தமிழரின் குடியுரிமைக்கு என்ன பதில் என்று கேட்டு, இவர் சேர மறுத்தார். 1949 டிசம்பர் 18 அன்று தமிழரசுக் கட்சி பிறந்தது. வேடிக்கையைப் பாருங்கள். அந்தக் கட்சியில் ‘தளபதி’ அமிர்தலிங்கம், ‘சொல்லின் செல்வர்’ இராசதுரை என்று மேடையை அதிரவைக்கும் பேச்சாளர்கள். அத்தனை பேரும் கைகட்டிக் கேட்டது, காதைக் கிட்டக் கொண்டுபோனால்தான் கேட்கும் ஒரு குரலை!

‘தமிழ் பேசும் மக்கள்’ என்ற சொற்றொடரை அரசியலில் நிலைநிறுத்தியதும் அந்தக் குரல்தான். தமிழர் என்று மட்டும் சொல்லாமல், முஸ்லிம்களையும் மலையக மக்களையும் உள்ளே அழைக்கும் சொல் அது. 1956 தேர்தலில் கிழக்கில் முஸ்லிம் வேட்பாளர்களும் அந்தக் கட்சியில் நின்று வென்றார்கள். வென்ற பிறகு அரசாங்கப் பக்கம் தாவியவர்களும் உண்டு. அது வேறு கதை.

1957 ஜூலை 26 அன்று பண்டாரநாயக்காவோடு ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஒருவர் ஆக்ஸ்போர்டிலேயே பேச்சுக்குப் பெயர் வாங்கியவர். மற்றவர் பேசினாரா இல்லையா என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்க வேண்டும். கடைசியில் சொல்லைக் காப்பாற்ற முடியாமல் போனது யாரால்? 1958 ஏப்ரல் 9 அன்று பிரதமரின் கொழும்பு வீட்டு முற்றத்தில் பிக்குமார் வந்து உட்கார்ந்தார்கள். எழுத்திலே தந்தால்தான் எழும்புவோம் என்றார்கள். ஒப்பந்தம் கிழிந்துபோய்விட்டது. 1965 மார்ச் 24 அன்று டட்லி சேனநாயக்காவோடு செய்த ஒப்பந்தமும் நிறைவேறவில்லை.

இடையில் 1961இல் யாழ்ப்பாணக் கச்சேரி வாசலில் சத்தியாக்கிரகம். ஏப்ரல் 14 அன்று கட்சி சொந்தமாகவே ஒரு தபால் சேவையைத் தொடங்கிவிட்டது! முத்திரை அச்சடித்து ஆயிரக்கணக்கில் விற்றார்கள். ஊரெல்லாம் ஒலிபெருக்கி வைத்து முழங்காமல், அரசாங்கத்தின் முத்திரையையே ஒட்டாமல் விடும் எதிர்ப்பு. மெதுவாகப் பேசும் ஒரு சிவில் வழக்கறிஞர் தபால் அதிபரானதைப் பார்த்து ஊர் சிரித்தது. அரசாங்கத்துக்கோ சிரிப்பு வரவில்லை. சில நாட்களில் அவசரகாலச் சட்டம் வந்தது. தலைவர்கள் பனாகொடை இராணுவ முகாமுக்குப் போனார்கள்.

1972இல் புதிய அரசியலமைப்பை எதிர்த்துத் தமது ஆசனத்தை இராஜினாமாச் செய்தார். இடைத்தேர்தல் வையுங்கள், மக்கள் சொல்லட்டும் என்றார். அரசாங்கம் என்ன செய்தது? கூலிட்ஜ் சொன்ன அதே தந்திரம். அசையாமல் இருந்தது. இரண்டு வருடத்துக்கும் மேல் தேர்தலே வைக்கவில்லை. கிழவர் சோர்ந்துபோவார் என்று நினைத்தார்கள் போலும். அவருக்கோ அப்போது நடுக்கவாத நோய், காதும் மந்தம். கடைசியில் 1975 பெப்ரவரி 6 அன்று தேர்தல் வைத்தார்கள். 16 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வென்றார். மௌனத்தில் அவரை வெல்ல முடியுமா!

ஆனால் வாசகர்களே, வெற்றி தேர்தலோடு நின்றது. 1977 ஏப்ரல் 26 அன்று அவர் காலமானார். காது மந்தமானவர் அவர். ஆனால் கேட்க மறுத்தது அவரல்ல. மெல்லிய குரலில் முப்பது வருடம் சொன்னதைக் கொழும்பு கேட்டிருந்தால், பிறகு கேட்ட சத்தங்கள் பல நமக்குக் கேட்டிருக்காது.

மௌனத்தின் கணக்கு

பிறகு வந்தது துப்பாக்கிச் சத்தம். அதற்குள்ளே ‘தமிழ் பேசும் மக்கள்’ என்ற சொல்லும் அடிபட்டது. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். சுமார் 75 ஆயிரம் பேர். யாழ்ப்பாணத்தில் அந்த அறிவிப்பும் ஒலிபெருக்கியில்தான் வந்தது. முல்லைத்தீவில் நீராவிப்பிட்டியிலும் தண்ணீரூற்றிலும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள் உடுத்த உடுப்போடு புத்தளம் வரைக்கும் போனார்கள். அழுத அயலவர் இருந்தார்கள். வாய் திறக்க முடிந்தவர் குறைவு. அது பயத்தின் மௌனம்.

2009 மே மாதம் நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் இடைப்பட்ட முள்ளிவாய்க்கால் என்னும் ஒடுங்கிய மணல் நிலத்தில் போர் முடிந்தது. அங்கே அகப்பட்ட மக்கள் கடைசி நாட்களில் குடித்தது உப்புக் கஞ்சி. இன்றைக்கும் ஒவ்வொரு மே மாதமும் அந்தக் கஞ்சியைக் காய்ச்சி, வருகிறவர்களுக்கு ஒரு சிரட்டையில் கொடுக்கிறார்கள். அதற்குப் பேச்சு தேவையில்லை, குடித்தவருக்கு விளங்கும். 2024இல் திருகோணமலை மாவட்டம் சம்பூரில் அந்தக் கஞ்சியைக் கொடுத்ததற்காகச் சிலரைக் கைது செய்தார்கள். வாய் பேசாத கஞ்சிகூடச் சிலருக்குச் சத்தமாகக் கேட்கிறது.

காணாமல் போன பிள்ளைகளின் தாய்மார் 2017இன் தொடக்கத்திலிருந்து கிளிநொச்சி, வவுனியா, முல்லைத்தீவு வீதியோரங்களில் படங்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். காணாமல் போனோர் அலுவலகத்துக்கு 2016இல் சட்டம் வந்தது, 2018இல் ஆணையாளர்களும் வந்தார்கள். பதில்தான் வரவில்லை. பதிலுக்குக் காத்திருந்தே கண்மூடிய தாய்மார் பலர். கூலிட்ஜின் கணக்குப்படி கேட்க வந்தவர் மூன்று நான்கு நிமிடத்தில் சோர்ந்துபோக வேண்டும். இந்தத் தாய்மாருக்கு அந்தக் கணக்குச் சரிவரவில்லை.

முப்பது வருடம் கழித்துத் திரும்பி வந்து, காடாகிப்போன தன் வளவுக்குப் பெர்மிட் கேட்டுக் கந்தோருக்கு அலையும் முஸ்லிம் குடும்பத்துக்கும் அங்கே கிடைக்கும் பதில் ஒரே சொல்தான். ஆம், ‘பார்க்கலாம்’!

அதே சொல், ஆனால் காமராசர் சொன்னதல்ல. அவருடைய ‘பார்க்கலாம்’ கேட்டதற்கு அடையாளம். இந்த ‘பார்க்கலாம்’ கேட்காததற்கு அடையாளம். தலைவர் குறைவாகப் பேசினால் நல்லது என்று நாம் சொல்வது, அந்த நேரத்தில் அவர் எதிரில் இருப்பவரைக் கேட்பார் என்ற நம்பிக்கையில்தான். வாயையும் மூடி, காதையும் மூடிக்கொண்டால் அதற்கு அடக்கம் என்று பெயர் வைக்க முடியாது.

நல்லதைப் பேச வேண்டும், முடியாவிட்டால் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பது நம் வீடுகளில் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கும் பாடம். நாம் எல்லோரும் இரண்டாவது பாதியையே அதிகம் சொல்கிறோம். அதிலும் பெண் பிள்ளைகளுக்கு மட்டும் இரண்டு மடங்கு சொல்கிறோம். முதல் பாதி நல்லதைப் பேசு என்பது. ஓர் அயலவருக்கு அநியாயம் நடக்கும்போது பேச வேண்டியதும் அந்த முதல் பாதிக்குள்தான் வருகிறது.

ஆகவே, அன்புச் சகோதர சகோதரிகளே, ஒரு சின்ன வேலை தருகிறேன். அடுத்த முறை கந்தோரிலோ கட்சி அலுவலகத்திலோ யாராவது ‘பார்க்கலாம்’ என்று சொன்னால், எழும்பி வந்துவிடாதீர்கள். “எப்போது ஐயா?” என்று மரியாதையாகக் கேளுங்கள். திகதியை ஒரு துண்டில் எழுதி வாங்குங்கள். கேட்ட பிறகு இருமவும் வேண்டாம், சிரிக்கவும் வேண்டாம். அசையாமல் உட்கார்ந்திருங்கள். கூலிட்ஜின் தந்திரம் நமக்கும் உதவட்டும்.

இதை முதலில் பழகிப் பார்க்க விரும்பும் சகோதரிகள் வீட்டிலேயே தொடங்கலாம். ஒழுகும் கூரையைப் பற்றி வீட்டுக்காரர் எத்தனை மாரிகாலமாகப் ‘பார்க்கலாம்’ என்று சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று கொஞ்சம் எண்ணிப் பாருங்கள்!